தண்ணீர் பிடிக்கப் போனவன்

மினோத்தி காயேன் இஸ்திரி போட்ட புடவைகளை முடிச்சுப் போட்டு நீட்டினால் டோலிகஞ்சிலிருந்து தில்லி போய்த் திரும்பி வரலாம். ஆறு வருஷமாக ஒரே ஸ்டுடியோ, ஒரே அறை, ஒரே சீரியல். அதன் கதாநாயகி இதுவரை ஒரே புருஷனை நாலு தடவை கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள். ரெண்டு தடவை செத்திருக்கிறாள். ஒரு தடவை தன் சிதையிலிருந்து தானே எழுந்து வந்து மாமியாருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்திருக்கிறாள். சாயங்காலம் ஆறரை மணி அடித்தால் வங்காளத்தில் பாதி அடுப்பு அணைந்துவிடும். அவள் அழுகிற அழுகையில் ஹூக்ளி ஆறு ஒரு முழம் ஏறுகிறது என்று படகுக்காரர்களே சொல்லுவார்கள்.

கதை என்று கையிருப்பில் ஒன்றும் கிடையாது. எழுத்தாளர் காலையில் பல் தேய்த்துக்கொண்டே போனில் அனுப்புகிற வசனத்தை மத்தியானத்துக்குள் பேசி முடிக்க வேண்டும். திங்கட்கிழமை எடுத்ததைப் புதன்கிழமை நாடே பார்த்துவிடும். சில நாள் கதாநாயகியின் கண்ணீர் காய்வதற்குள் ஒளிபரப்பாகிவிடும்.

அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுந்தரவனத்துத் தீவான நேபுகாலியிலிருந்து மினோத்திக்குப் போன் வந்தது. அண்ணன் மனைவி, அவளுடைய 'பௌதி', ஷெஃபாலி.

"எம் பொண்ணுக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சு மினோத்தி. வர்ற வெள்ளிக்கிழமை. சொல்லாம விட்டா நல்லா இருக்காதேன்னு சொல்றேன். வரணும்னு சொல்லல."

"யாரு பௌதி மாப்பிள்ளை?"

"சுமன். தங்கமான பிள்ளை. கான்பூர்ல வேலை. வரதட்சணை ஒரு பைசா வேணாம்னுட்டாரு. கட்டின புடவையோட அனுப்புங்கன்னாரு. நேத்து சாப்பிட வந்தப்ப ஜும்பாவுக்கு இலிஷ் மீன்ல முள்ளு எடுத்துக் குடுத்தாரு, தெரியுமா? உங்கண்ணன் இருபது வருஷத்துல எனக்கு ஒரு முள்ளு எடுத்திருப்பாரா?"

மினோத்தியின் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி, வில்லனின் வெள்ளைச் சட்டை முதுகில் அப்படியே நின்றுவிட்டது. புகை வந்த பிறகுதான் எடுத்தாள்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே நேபுகாலிக்கு ஒருவன் வந்தான். அவனும் வரதட்சணை வேண்டாம் என்றான். அவனும் முள் எடுத்துக் கொடுத்தான். ஹௌரா ஸ்டேஷனில் பெரிய கடிகாரத்துக்குக் கீழே பெஞ்சில் அவளை உட்காரவைத்து, "இவங்க என் சித்தி. பேசிட்டு இரு, தண்ணி பிடிச்சிட்டு வந்துடறேன்" என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு போனான். போனவன் போனவன்தான். அந்தச் சித்தி அவளை ரயிலேற்றிக் கொண்டுபோன ஊரில், பத்து ரூபாய்க்குப் பவுடர் பூசி நிற்கவைத்த தெருவில், நாலு வருஷம் போயிற்று. திரும்பி வந்தபோது ஊர் அவளைக் கேட்ட முதல் கேள்வி, "ஏன் வந்தே?"

"பௌதி, அந்தக் கல்யாணத்தை நிறுத்து. அப்படியே என்னைக் கூட்டிட்டுப் போன மாதிரியே இருக்கு."

"ஆரம்பிச்சுட்டியா! உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊர்ல எல்லா ஆம்பளையும் அப்படியா? நாங்க என்ன விவரம் தெரியாதவங்களா? தினம் சீரியல் பாக்கறோம். பொண்ணு கடத்தறவன் எப்படி இருப்பான்னு எங்களுக்குத் தெரியாதா? ஒத்தைக் கண்ணு, தங்கப் பல்லு, கறுப்பு வேன். சுமன்கிட்ட சைக்கிள்கூட இல்ல."

போன் அணைந்தது. மினோத்தி காவல் நிலையத்துக்குப் போன் போட்டாள். பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்து மூன்று வாரம், பெற்றவர்கள் சம்மதம், பையன் பெயரில் புகார் எதுவும் இல்லை. "கட்டி வச்சிருக்கானாம்மா? அடிச்சிருக்கானா? அப்புறம் எதுக்கும்மா போன்?" என்றது மறுமுனை. பின்னணியில் அவளுடைய சீரியலின் மறுஒளிபரப்பு இசை கேட்டது.

மறுநாள் காலையில் ஸ்டுடியோ அல்லோலகல்லோலப்பட்டது. கதாநாயகியைக் கடத்தப் போகிறார்களாம். மூன்று மாதமாகச் சரிந்துகொண்டிருக்கிற டிஆர்பியைத் தூக்கி நிறுத்த, சேனல் மேடம் போட்ட உத்தரவு. "உண்மையா இருக்கணும், மண்ணு வாசனை அடிக்கணும், நிஜமா கடத்தப்பட்ட ஒருத்தரைக் கூப்பிட்டு ஆலோசனை கேளுங்க" என்றும் சொல்லியிருந்தாள். டைரக்டர் தேபு பாபு ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போன் போட, அவர்கள் ஒரு பேரும் நம்பரும் கொடுக்க, அவர் அந்த நம்பரை அழுத்த, மணி பக்கத்து இஸ்திரி அறையில் அடித்தது.

"மினோத்திதி! நீங்களா!" என்றார் தேபு பாபு, அவளை அக்காவாக்கி, நடுரோட்டில் புதையல் தட்டுப்பட்டவர் போல. "ஆறு வருஷமா இங்கயே இருந்துட்டு ஒரு வார்த்தை சொல்லலையே!"

"யாரும் கேக்கலையே தேபுதா."

அவளை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அந்த ஸ்டுடியோவில் அவள் உட்கார்ந்ததே அன்றுதான். பால் தேநீர் வந்தது, பிஸ்கட்டோடு. மினோத்தி கோப்பையைப் பார்த்தபடி ஒரு கணக்குப் போட்டாள். நேபுகாலி தன் பேச்சை நம்பாது. போலீஸ் பேச்சையும் நம்பாது. சாமியே படகேறி வந்து சொன்னாலும், 'ஆறரைக்கு அப்புறம் வாங்க' என்று சொல்லிவிடும். அது நம்புவது இந்தச் சீரியல் ஒன்றைத்தான். இன்றைக்குச் சொன்னால் நாளைக்கு எடுப்பார்கள், வியாழக்கிழமை காட்டுவார்கள். வெள்ளிக்கிழமை கல்யாணம். ஒரு நாள் மிச்சம்.

எல்லாவற்றையும் சொன்னாள். யாருக்கும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். வரதட்சணை வேண்டாம் என்றதை, முள் எடுத்ததை, போட்டோ ஸ்டுடியோவில் மாலையோடு எடுத்த படத்தை, தண்ணீர் பாட்டிலை. மேக்கப்காரர் அழுதார். விளக்குப் பிடிக்கிறவர் அழுததில் விளக்கு ஆடியது. எழுத்தாளர் அழுதுகொண்டே குறிப்பெடுத்தார். காகிதம் நனைந்து எழுத்து கரைந்ததால் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னாள்.

போனில் கேட்டுக்கொண்டிருந்த சேனல் மேடமும் மூக்கை உறிஞ்சினாள். உறிஞ்சி முடித்துவிட்டுக் கேட்டாள்: "சங்கிலி எங்க?"

தேபு பாபு தொண்டையைச் செருமினார். "மினோத்திதி, தப்பா எடுத்துக்காதீங்க. சங்கிலி இருந்துச்சா?"

"இல்ல."

"கயிறு? மயக்க மருந்துக் கைக்குட்டை? குறைஞ்சது ஒரு தாழ்ப்பாளாவது?"

"கதவுல தாழ்ப்பாள் இருந்துச்சு. ஆனா போடல. எதுக்குப் போடணும்? எனக்கு அந்த ஊர் பாஷை தெரியாது. போனாலும் எங்க வீட்டுக் கதவு திறக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும். தாழ்ப்பாள் நேபுகாலியிலதான் இருந்துச்சு தேபுதா."

"ஆகா, நல்ல வசனம்," என்றார் எழுத்தாளர். எழுதிக்கொள்ளவில்லை.

"நல்லவன் ஒருத்தன் தண்ணி பிடிக்கப் போனான்னா ஜனங்க எந்திரிச்சு பாத்ரூம் போயிடுவாங்க," என்றாள் மேடம். "எனக்கு பாதாள அறை வேணும். நீல லைட் வேணும். எலி வேணும்."

மினோத்தி சந்தையில் மீன் பேரம் பேசுகிறவள் போல இறங்கி வந்தாள். "சங்கிலி போட்டுக்கங்க. எலியும் விடுங்க, வேணும்னா முதலையும் விடுங்க. அவளை முதல்ல கூட்டிட்டு வர்றவனை மட்டும் நான் சொன்னபடி காட்டுங்க. வரதட்சணை வேணாங்கறவன். முள்ளு எடுத்துத் தர்றவன். தண்ணி பிடிக்கப் போறவன். அது போதும் எனக்கு."

மேடம் யோசித்தாள். "சரி, அழகான பையனா போடுங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை எடுத்தார்கள். பாதாள அறை என்பது பழைய மாமியார் வீட்டுச் சமையலறைக்குக் கறுப்புச் சாயம் அடித்தது. சங்கிலி பிளாஸ்டிக். எலி வாடகைக்கு வந்தது. பழகின எலி, 'ஆக்‌ஷன்' என்றால்தான் ஓடும். கதாநாயகியின் புடவையைக் கிழித்துத் தரச் சொன்னார்கள். மினோத்தி கிழித்தாள். "கிழிசல் அழகா இல்லையே" என்று வேறு மாதிரி கிழிக்கச் சொன்னார்கள். கிழித்தாள். பிறகு கிழிந்த புடவையை இஸ்திரி போடச் சொன்னார்கள். கதைப்படி பாதாள அறையில் மூன்று மாதம் கிடந்தவளின் கந்தலில் ஒரு சுருக்கம் இல்லை. உதட்டுச் சாயத்திலும் ஒரு கீறல் இல்லை.

வில்லன் நிருபேன் சக்ரவர்த்தி, எல்லோருக்கும் நிருபேன்தா, அதாவது நிருபேன் அண்ணன். அறுபத்தெட்டு வயது. திரையில் அவர் சிரித்தால் கர்ப்பிணிகள் டிவியை அணைத்துவிடுவார்கள். நிஜத்தில் பையில் ஹோமியோபதி மாத்திரையோடு அலைந்து, தும்முகிறவர் நாக்கிலெல்லாம் நாலு உருண்டை வைக்கிற மனிதர். அவருடைய தங்கப் பல்லை மேக்கப்காரர் ஒட்டிய பசை ரயில் பெட்டி ஒட்டுகிற பசை. பத்து நாளாகக் கழற்ற முடியாமல் அதோடுதான் சாப்பிட்டார், தூங்கினார், பூஜை செய்தார்.

மத்தியானம் அந்த அழகான பையன் கதாநாயகிக்கு முள் எடுத்துக் கொடுத்தான். பிறகு பாட்டிலை எடுத்துக்கொண்டு, "தண்ணி பிடிச்சிட்டு வந்துடறேன்" என்றான். காமிராவுக்குப் பின்னால் நின்ற மினோத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிருபேன்தா ஓடி வந்து நாக்கில் நாலு உருண்டை வைத்தார்.

அன்று சாயங்காலமே ஷெஃபாலிக்குப் போன் போட்டாள். "வியாழக்கிழமை எபிசோடை மட்டும் கண்ணை எடுக்காம பாரு பௌதி. ஜும்பாவையும் பக்கத்துல உக்காத்தி வச்சுக்கோ."

"இதை நீ சொல்லணுமா? கல்யாணத்துக்கு வர்ற மொத்தக் கூட்டமும் இங்கதான் பாக்கப்போகுது."

வியாழக்கிழமை ஆறரைக்கு மினோத்தி ஸ்டுடியோ கேன்டீனில் நின்றாள். திரையில் பையன் வந்தான். வரதட்சணை வேண்டாம் என்றான். முள் எடுத்தான். ஸ்டேஷன் பெஞ்சில் கதாநாயகியை உட்காரவைத்தான். பாட்டிலோடு போனான். கறுப்பு வேன் வந்து நின்றது. ஒத்தைக் கண் நிருபேன்தா இறங்கி, ஒன்பது இடி இடிக்க, மூன்று தடவை முகம் காட்டி, அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்தார்.

அப்போது பையன் திரும்பி வந்தான். தண்ணீரோடு.

பாட்டிலால் ஒரே அடி. நாலு அடியாட்கள் நாலு திசையில் பறந்தார்கள். ஓடுகிற வேன் கூரையில் தாவினான். மழை பெய்தது. அவன் மாறுவேடத்தில் வந்த போலீஸ் அதிகாரியாம். பாதாள அறைக் கதவை உடைத்து, பிளாஸ்டிக் சங்கிலியைப் பல்லால் கடித்துத் துண்டாக்கி, அவள் வாயில் அந்தத் தண்ணீரை ஊற்றினான். கேன்டீனே கைதட்டியது.

"மேடத்துக்குப் பையனோட முகம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு," என்றார் தேபு பாபு, அவள் கண்ணைப் பார்க்காமல். "இந்த முகத்தை வில்லனாக்கினா பாவம்னாங்க. நேத்து ராத்திரி மாத்தி எடுத்தோம். ஆனா பாருங்க, நீங்க சொன்னது ஒண்ணு விடாம இருக்கு. முள்ளு இருக்கு, பாட்டில் இருக்கு."

போன் அடித்தது. ஷெஃபாலியின் குரலில் குலவைச் சத்தமும் கலந்திருந்தது.

"எங்க கண்ணைத் திறந்துட்ட மினோத்தி! நீ சொன்னதுலேருந்து மனசுல ஒரு ஓரத்துல உறுத்திட்டே இருந்துச்சு. இப்ப சுத்தமா போச்சு. அச்சு அசல் நம்ம சுமன்தான்! அவரும் எங்ககூட உக்காந்துதான் பாத்தாரு. பொரியைக் கையில வச்சுக்கிட்டு அழுதுட்டாரு பாவம். 'நல்லவங்களைத்தான்மா உலகம் சந்தேகப்படுது'ன்னாரு."

"பௌதி, அது பொய். நான் சொன்னதை மாத்திட்டாங்க."

"உனக்குப் பொறாமை. உனக்கு வந்தவன் தண்ணியோட திரும்பல. எம் பொண்ணுக்கு வந்தவன் திரும்புவான். சனிக்கிழமை ஹௌராவில மத்தியான ரயிலு, ஏசி கோச்சு. இந்தப் பக்கம் வந்து கண்ணு போட்டுடாத."

வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்துவிட்டது. சனிக்கிழமை விடியும்போது, நடிகர்களை அழைத்து வரக் கிளம்பிய கம்பெனி வேன் முன்னால் மினோத்தி போய் நின்றாள். உள்ளே முதல் ஆளாக நிருபேன்தா இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஷூட்டிங்காவது கத்திரிக்காயாவது என்று டிரைவரைத் திருப்பச் சொன்னார்.

"நான் வர்றேன்மா. எனக்கும் பேத்தி இருக்கா. வங்காளத்துல என் முகம் தெரியாத வீடு உண்டா? நான் சொன்னா கேப்பாங்க."

அந்தப் பெரிய மனிதர் செய்த ஒரே தவறு அதுதான். அவர் முகம் தெரியாத வீடு இல்லைதான். அந்த வேன் தெரியாத வீடும் இல்லை. சிக்கனக்காரக் கம்பெனி, நடிகர்களை ஏற்றி இறக்குகிற அதே கறுப்பு வேனைத்தான் கடத்தல் காட்சியிலும் ஓட்டியது. இந்த அவசரத்தில் அது மினோத்திக்கும் உறைக்கவில்லை.

எதிர்க்கரைப் படித்துறைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தீவிலிருந்து மோட்டார் படகு வந்துகொண்டிருந்தது. வழியனுப்ப நேபுகாலியில் பாதி வந்திருந்தது. சிவப்புப் பனாரசியில் ஜும்பா இறங்கினாள். பிறந்த வீட்டுக் கடன் தீர்ந்தது என்று தலைக்குப் பின்னால் வீசிய அரிசி அவள் கூந்தலிலேயே பாதி ஒட்டியிருந்தது. சுமன் அவள் கையைப் பிடித்து, சேறு படாமல் இறக்கினான். அழகான பையன்தான்.

மினோத்தி ஓடிப்போய் ஜும்பாவின் மறு கையைப் பிடித்தாள். "போகாதடி. உன் பிஷி, சொந்த அத்தை சொல்றேன், போகாத."

"விடு பிஷி! எல்லாரும் பாக்கறாங்க!"

அந்த நேரம் பார்த்துக் கறுப்பு வேனின் கதவு சரக்கென்று திறந்தது. நிருபேன்தா இறங்கினார். கனிவாக ஒரு புன்னகை செய்தார். காலை வெயிலில் தங்கப் பல் கோயில் கலசம் போல மின்னியது.

கூட்டம் பல்லைப் பார்த்தது, வேனைப் பார்த்தது.

"அந்த வேன்டா!" என்று ஒருவன் கத்தினான். "அவனேதான்டா!" என்று இன்னொருவன். "நடிகர்தானே?" என்று கேட்ட ஒரு நியாயவானை, "நடிகன்னா பொண்ணு கடத்த மாட்டானா?" என்று ஏழு பேர் அடக்கினார்கள். மீன் கூடைகள் பறந்தன. ஷெஃபாலி தலையில் அடித்துக்கொண்டாள். "அன்னைக்கே வராதேன்னேனே! எம் பொண்ணை விக்க ஆள் கூட்டிட்டு வந்திருக்கா பாவி!"

சுமன் ஜும்பாவைத் தோளோடு அணைத்துக்கொண்டான். "பயப்படாத, நான் இருக்கேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். காத்திருந்த காரில் அவளை ஏற்றினான். ஆண்கள் கைதட்டினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். கார் போயிற்று.

நிருபேன்தாவைச் சுற்றி நூறு பேர், மினோத்தியின் கையைப் பிடித்தபடி நாலு பேர். அவர் தலையில் ஒரு கெண்டை மீன் இருந்தது. கூட்டத்தின் இடுக்கு வழியாக மினோத்தியைப் பார்த்தார். பிறகு சட்டென்று தலையைப் பின்னால் சாய்த்து, கர்ப்பிணிகள் டிவியை அணைக்கிற அந்தச் சிரிப்பைச் சிரித்தார். "ஆமாடா! நான்தான்டா கடத்தினேன்! இன்னும் நூறு பேரைக் கடத்துவேன்! வாங்கடா!" நாற்பது வருஷத்தில் அவர் செய்த சிறந்த நடிப்பு அது. மொத்தக் கூட்டமும் அவர் மேல் விழுந்தது. மினோத்தியைப் பிடித்திருந்த கைகளும் அங்கே போயின.

ஓடினாள். ஷேர் ஆட்டோ, லோக்கல் ரயில், பஸ். ஹௌராவில் நுழைந்தபோது பெரிய கடிகாரத்தில் மணி ரெண்டே முக்கால். அதன் கீழே இருக்கிற பெஞ்சைப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் பெஞ்சை மாற்றிவிட்டிருந்தார்கள். இடம் அதேதான்.

ஜும்பா உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. பக்கத்தில் வெற்றிலை போட்ட ஒரு பருத்த பெண்மணி, மிட்டாயை உரித்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

"சுமன் எங்கடி?"

"நீ இங்கயும் வந்துட்டியா! தண்ணி பிடிக்கப் போயிருக்காரு. இவங்க அவரோட சித்தி."

"உன் போனு?"

"சார்ஜ் போட வாங்கிட்டுப் போனாரு."

மினோத்தி கத்தவில்லை. கையைப் பிடித்து இழுக்கவில்லை. பெஞ்சில், அவளுக்கும் அந்தச் சித்திக்கும் நடுவில், இடுப்பால் இடித்து இடம் பண்ணி உட்கார்ந்தாள். சித்தி ஜும்பாவை எட்டிப் பார்த்தாள். "யாரும்மா இது?"

"என் பிஷி."

"நான் மினோத்தி," என்று மினோத்தி சித்தியின் முகத்துக்கு நேராகத் திரும்பிச் சொன்னாள். "நான் இதே இடத்துல உக்காந்திருக்கேன். அவர் தண்ணியோட வரட்டும். வந்ததும் நானே ரயிலேத்தி விடறேன்."

சித்தி போனைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அந்தப் பக்கம் நின்ற போலீஸ்காரரையும் பார்த்தாள். "பிளாட்பாரம் எதுன்னு கேட்டுட்டு வந்துடறேன் கண்ணு" என்று எழுந்தாள். மிட்டாய் பெஞ்சிலேயே கிடந்தது. அவளும் வரவில்லை.

மூன்று மணி ஆயிற்று. மூன்றரை. கான்பூர் ரயிலை அறிவித்தார்கள், மறுபடி அறிவித்தார்கள், அது போயும் விட்டது. ஜும்பா ஒவ்வொரு காலடிக்கும் தலையைத் திருப்பினாள். ஒவ்வொரு முறையும் கூந்தலிலிருந்து ரெண்டு அரிசி உதிர்ந்தது.

ஐந்து மணிக்கு அவள் பேசினாள். "சந்தோஷமா உனக்கு? தூரத்துல நின்னு பாத்திருப்பாரு. நீ உக்காந்திருக்கிறதைப் பாத்துட்டுப் போயிட்டாரு. நீ மட்டும் வராம இருந்திருந்தா அவர் தண்ணியோட வந்திருப்பாரு."

மினோத்தி அவள் கூந்தலில் மிஞ்சியிருந்த அரிசியைப் பார்த்தாள். வரவே மாட்டான் என்று இந்தப் பெண்ணுக்குக் காட்ட வேண்டுமானால், தான் வராமல் இருந்திருக்க வேண்டும். நேபுகாலியும் இதைத்தான் சொல்லும், வருஷக்கணக்காகச் சொல்லும். ஒரு நல்லவனை விரட்டினவள் என்று.

ஆறரை ஆனது. பக்கத்துக் கடைக்காரனின் போனிலிருந்து சீரியலின் இசை எழுந்தது, தொடர்ந்து ஒன்பது இடி. அங்கே அந்தப் பையன் இன்றைக்கும் நேரம் தவறாமல் வந்துகொண்டிருப்பான், பாட்டில் நிறைய.

"தாகமா இருக்கு பிஷி," என்றாள் ஜும்பா. அழுது அழுது குரல் கரகரத்துவிட்டது.

பத்தடியில் குழாய் இருந்தது. ஒழுகிக்கொண்டே இருந்தது. மினோத்திக்கும் காலையிலிருந்து தொண்டை காய்ந்துதான் கிடந்தது. எழுந்திருக்கப் போனவள், அப்படியே நின்றாள். இந்தப் பெஞ்சில் ஒரு பெண்ணை உட்காரவைத்துவிட்டு அந்த வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"வா, ரெண்டு பேருமா போய்க் குடிச்சிட்டு வருவோம்."

"நான் எந்திரிக்க மாட்டேன்," என்றாள் ஜும்பா. "அவர் வந்து தேடுவாரு."

மினோத்தி திரும்ப உட்கார்ந்தாள். குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.